தொப்பிக்காரர் வீட்டுக்குத் தூது

அக்கா அனுப்பிய ஆறு படங்களையும் விமானத்தில் இன்னொரு முறை பார்த்தேன். ஆறிலும் ஒரே மனிதர், ஆறிலும் வேறு வேறு தொப்பி. ஒன்றில் அவர் தலைமேல் சிவப்பு வெல்வெட் இறால் ஒன்று கம்பி மீசையோடு உட்கார்ந்திருந்தது. இன்னொன்று பெண்கள் போடும் அகலமான ஓலைத் தொப்பி, விளிம்பு முழுக்க பிளாஸ்டிக் பழங்கள். ஆறாவதில் துறைமுகத்துக் கிரேன் ஒன்று குட்டியாகி அவர் தலைமேல் நின்றது. அதன் கையிலிருந்து நூலில் ஒரு கண்டெய்னர் தொங்கியது. பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, சர்க்கஸ் ஆளா என்று கேட்டார். எங்கள் வருங்காலச் சம்பந்தி என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

விஷயம் இதுதான். திருச்சியில் இருக்கும் என் அக்கா சரோஜாவின் ஒரே மகன் பிரபு. கோலாலம்பூரில் மூன்று வருஷமாகக் கம்ப்யூட்டர் வேலை. அங்கே பக்கத்துத் துறைமுக ஊரான கிள்ளானைச் சேர்ந்த தர்ஷினி என்ற பாலர் பள்ளி ஆசிரியையைப் பார்த்து, பழகி, கல்யாணம் செய்துகொள்கிறேன் என்கிறான். வீடியோவில் பேசியதில் அக்காவுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. பெண்ணின் அப்பாவுடைய முகநூல் பக்கத்தைப் போய்ப் பார்த்ததுதான் வினை. அத்தான் இறந்து ஒன்பது வருஷமாகிறது. அதிலிருந்து அக்கா எல்லா முடிவையும் தனியாக எடுக்கிறாள், எடுத்த பிறகு தூங்காமல் கிடக்கிறாள். இந்த ஒரு முடிவை மட்டும் என் தலையில் கட்டினாள்.

"நீ போய் அந்த மனுஷனப் பாத்துட்டு வா ரவி. புத்தி தெளிவா இருக்காரான்னு பாரு. நீ சரின்னா சரி, வேண்டாம்னா வேண்டாம்" என்றாள்.

தாய்மாமன் என்பதற்காக மட்டும் என்னை அனுப்பவில்லை. முப்பத்தோரு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன் நான். ஒரு பெட்டிக்குள் நுழைந்தால் டிக்கெட் இல்லாதவன் யார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று குடும்பத்தில் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைப் பெரும்பாலும் நானே பரப்பினேன்.

பிரபு பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்தான். குட்டி இந்தியா என்று அந்தத் தெருவுக்குப் பெயர். பூமாலைக் கடை, நகைக்கடை, ஜவுளிக்கடை எல்லாம் எங்கள் ஊர்க் கடைவீதி போலத்தான் இருந்தன, கூட்டித் துடைத்து வைத்திருந்தார்கள் என்பது ஒன்றுதான் வித்தியாசம். முதல் நாள் மதியம் வாழை இலைச் சாப்பாடு. பாகற்காயை மொறுமொறுவென்று பொரித்து, அப்பளத்தைக் கைநிறைய அள்ளி வைத்தார்கள். நண்டுக் குழம்பை ஊற்றும்போதே வியர்த்தது. குடிக்க என்ன வேண்டும், சுடுதண்ணியா ஐஸ் தண்ணியா என்றார் பரிமாறியவர். சாதாரணத் தண்ணீர் என்று ஒன்று அந்த ஊரில் இல்லை போலிருக்கிறது. கடைசியில் கோப்பி என்று ஒன்று வந்தது. கெட்டிப் பாலைக் கொட்டி, கரண்டி நிற்கிற அளவுக்கு இனிப்பு. காவிரித் தண்ணீரில் போட்ட டிகிரி காப்பியை நினைத்துக்கொண்டு குடித்து முடித்தேன்.

பெண்ணின் அப்பா எப்படி என்று பிரபுவிடம் கேட்டேன். "நீங்களே பாருங்க மாமா, நான் ஒண்ணும் சொல்லல" என்று நழுவினான்.

தலையைப் பார்க்க வந்தவன் ஆகையால் சாயங்காலம் தெருவில் தலைகளையே பார்த்துக்கொண்டு நடந்தேன். ஹெல்மெட், தலைத்துணி, மலாய்க்காரர்கள் போடும் சொங்கோ என்ற கறுப்பு வெல்வெட் தொப்பி, திருநீறு, சாயம் அடித்த முடி என்று எல்லாத் தலையிலும் ஏதோ ஒன்று இருந்தது. எங்கள் ஊரில் தொப்பி என்பது ஊரைவிட்டுப் போனால் போடுவது. கொடைக்கானலில் இறங்கியதும் வாங்குவோம், ஏரியைச் சுற்றி வரும்வரை போட்டுக்கொள்வோம், வீட்டுக்கு வந்ததும் பீரோமேல் தூசி பிடிக்கும். நான்கூட ஒருமுறை கௌபாய் தொப்பி வாங்கினேன். போட்டுக்கொண்டு கண்ணாடியைப் பார்த்த அந்த இரண்டு நிமிஷமும் எனக்கு ஒரு குதிரை இருப்பது போலத்தான் இருந்தது. பேருந்தில் ஏறியதும் கழற்றிவிட்டேன்.

இரண்டாம் நாள் கிள்ளானுக்குப் பயணம். பிரபுவுக்கு அலுவலகம் இருந்ததால் நானே கொமுட்டர் ரயிலில் போகிறேன் என்றேன். ரயிலைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்றும் சொன்னேன். வந்த வண்டியில் ஏறி, காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்து, டிக்கெட் கேட்க யாராவது வருவார்களா என்று தொழில்முறை ஆர்வத்தோடு காத்திருந்தேன். யாரும் வரவில்லை. எதிரில் இருந்த பெண்கள் என்னைப் பார்ப்பதும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதுமாக இருந்தார்கள். கடைசியில் நர்ஸ் உடுப்பில் இருந்த ஒரு பெண் குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

"அங்கிள், இது லேடீஸ் கோச் லா. ஆம்பளைங்க ஏறக்கூடாது."

அப்போதுதான் சுற்றிலும் ரோஜா நிறத்தில் ஒட்டியிருந்த அறிவிப்புகளைப் பார்த்தேன். பெண்கள் பெட்டியில் ஏறிய எத்தனையோ ஆண்களை நான் அடுத்த ஸ்டேஷனில் இறக்கி அபராதம் போட்டிருக்கிறேன். தெரியாமல் ஏறிவிட்டேன் சார் என்று அவர்கள் சொன்னதை ஒருநாளும் நம்பியதில்லை. எங்கே போகிறேன் என்று நர்ஸ் கேட்டாள். கிள்ளான் என்றேன். இந்த வண்டி எதிர்ப்பக்கம் பத்துமலைக்குப் போகிறது, செந்தூலில் இறங்கி மறுபக்கம் ஏறுங்கள் என்றாள். இறங்கினேன். பழைய ரயில்வே பட்டறைக்குப் பேர்போன செந்தூல் நடைமேடையில் நின்றபோது, என்னை யாருக்கும் தெரியாதது எவ்வளவு நல்லது என்று தோன்றியது.

கிள்ளான் ஸ்டேஷனுக்குத் தர்ஷினியின் அப்பா மணியம் காரோடு வந்திருந்தார். படத்தில் பார்த்த ஆள்தானா என்று சந்தேகம் வந்துவிட்டது. அறுபது வயதுக்கு நல்ல உயரம். கரை போட்ட புது வேட்டி, அது நழுவாமல் இருக்க மேலே பெல்ட், வெள்ளைச் சட்டை, நெற்றியில் பட்டை. நானோ பிரபு கொடுத்த பூனைப்படம் போட்ட பனியனும் ஜீன்ஸுமாக நின்றேன். மலேசியாக்காரர் வேட்டியிலும் திருச்சிக்காரன் ஜீன்ஸிலும் கைகுலுக்கிக்கொண்டோம். அவர் தலையில் ஒன்றும் இல்லை.

"வாங்க சார். பசியாறிட்டீங்களா?" என்றார். காலைச் சாப்பாட்டை அப்படித்தான் கேட்கிறார்கள். கேட்பதற்கு நன்றாக இருந்தது.

வழியெல்லாம் அவர் பேசியது திருச்சியில் மழை உண்டா, காவிரியில் தண்ணீர் உண்டா என்பதுதான். துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டியதாகச் சொன்னார். அது எப்படிப்பட்ட வேலை என்று கேட்டேன். நல்ல வேலை சார் என்றார். அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

வீடு வரிசை வீடுகளில் ஒன்று. பித்தளை விளக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். பித்தளையில் இன்னும் கடையின் ஒட்டுக் காகிதம் இருந்தது. அவர் மனைவி லெட்சுமி சேலை கட்டிக்கொண்டு வாசலில் ஆரத்தியோடு நின்றார். எனக்குத் தெரிந்து எங்கள் குடும்பத்தில் யாரும் எனக்கு ஆரத்தி எடுத்ததில்லை. இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் இப்படித்தான் எதிர்பார்ப்பார்கள் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். நல்ல சாப்பாடு. கோழிப் பிரட்டல், நெத்திலி சம்பல், வெண்டைக்காய், பாயசம். தர்ஷினி பரிமாறினாள். படத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரித்த பெண், எனக்கு மூன்று முறை சாதம் வைத்தாள், அப்பா பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

நான் கவனித்தவற்றைச் சொல்ல வேண்டும். மணியத்தின் நெற்றியில் நடுவே ஒரு கோடு இருந்தது. கோட்டுக்குக் கீழே கறுத்த தோல், மேலே வெளுத்த தோல். கூடத்துச் சுவரில் வரிசையாக ஆணிகள், ஒவ்வோர் ஆணிக்குக் கீழும் சுவர் வட்டமாக வெளுத்திருந்தது. என்ன மாட்டியிருந்தது என்று கேட்டேன்.

"படம் சார். பெயின்ட் அடிக்கணும்னு எடுத்துட்டோம்" என்றார். லெட்சுமி எழுந்து சமையலறைக்குப் போனார்.

பேசும்போதெல்லாம் அவருடைய வலது கை தலைக்குப் போனது. விளிம்பைச் சரிசெய்வது போல விரல்கள் காற்றைப் பிடித்தன. ஒன்றும் அகப்படாமல் காதைச் சொறிந்துவிட்டு இறங்கின. டிக்கெட் இல்லாதவன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்ப்பது எனக்குப் பழக்கமான காட்சி. தொப்பிகளைக் கழற்றி ஒளித்து வைத்திருக்கிறார் என்பது எனக்கு உடனே விளங்கிவிட்டது. அது ஏன் என்று யோசிப்பதற்குப் பதில், உலகமே பார்க்கும்படி படம் போட்டவர் என்னிடம் மட்டும் மறைக்கிறார் என்றால் இன்னும் எதையெல்லாம் மறைப்பார் என்று யோசித்தேன். வியாதியா, வழக்கா, வேறு குடும்பமா?

கிளம்பும்போது, அக்காவுக்கு ஏதாவது வாங்க நினைத்தால் மஸ்ஜித் இந்தியா தெருவில் தன் சிநேகிதர் காதர் கடைக்குப் போகச் சொன்னார். "என் பேர சொல்லுங்க சார். பத்திக் சேலை எங்க நல்லா இருக்கும்னு அவரே கூட்டிட்டுப் போவாரு" என்றார். அன்று அவர் சொன்னதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

பிரிக்ஃபீல்ட்ஸ் திரும்பியதும் அக்காவைக் கூப்பிட்டேன். திருச்சியில் அப்போது மாலை ஐந்து மணி. பார்த்ததை வரிசையாகச் சொன்னேன், ஆணியையும் நெற்றிக்கோட்டையும் விடாமல். என் கண்ணின் கூர்மையில் எனக்கே ஒரு மகிழ்ச்சி இருந்தது. முடிவாக, இந்த ஆள் எதையோ மறைக்கிறார் என்றேன்.

அக்கா முழுதும் கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "கோமாளித்தனமா இருந்தாகூடப் பொறுத்துக்கலாம் ரவி. மறைக்கற ஆளு வேண்டாம். பிரபுட்ட நானே சொல்லிடறேன்."

மூன்றாம் நாள் காலை பிரபு எனக்கு ரொட்டி சானாய் வாங்கி வந்து மேஜையில் வைத்தான். பரோட்டாவின் ஒன்றுவிட்ட தம்பி அது, பருப்புக் குழம்போடு அருமையாக இருக்கும். அன்றைக்கு அதைப் பிய்த்துக்கொண்டே இருந்தேன். பிரபு எதிரில் உட்கார்ந்து, என்ன மாமா சொன்னீங்க அம்மாகிட்ட என்று கேட்டான். சொன்னதைச் சொன்னேன். அவன் கோபப்படவில்லை. தர்ஷினி ஏற்கெனவே வேறு மாதிரி முரண்டு பிடிக்கிறாள் என்றான். அந்தத் தொப்பிகளில் பாதி அவள் தைத்தவையாம். அப்பா வெறுந்தலையோடு நிற்கிற கல்யாணம் தனக்கு வேண்டாம் என்று ஒரு வாரமாக அவரோடு பேசாமல் இருக்கிறாளாம்.

"இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் அவ. ரெண்டு பேரும் வேண்டாம்னா நான் மட்டும் வேணும்னு சொல்லி என்ன மாமா பண்றது?" என்று கேட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டான்.

எனக்கு வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. மஸ்ஜித் இந்தியாவுக்குக் கிளம்பினேன். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. அந்த ஊர் மழைக்கு முன்னுரை கிடையாது, எடுத்ததுமே கொட்டும். கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை இருந்ததால் ஒதுங்கி ஒதுங்கி நடந்து, விசாரித்து, காதர் பாய் கடையைக் கண்டுபிடித்தேன். சொங்கோ விற்கும் கடை. கண்ணாடி அலமாரி நிறைய கறுப்பு வெல்வெட் தொப்பிகள், அளவு வாரியாக, ஒரே உயரத்தில், ஒரே பளபளப்பில். ஏதோ முக்கியமான கூட்டத்துக்குத் தலைகள் மட்டும் வந்து உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

மணியம் பேரைச் சொன்னதும் காதர் பாய் ஸ்டூலை இழுத்துப் போட்டார். தேத்தண்ணி வரவழைத்தார். எந்த ஊர் என்றார். இந்தியாவிலிருந்து வந்திருக்கிறேன், மணியத்தைத் தெரியும் என்று மட்டும் சொன்னேன். அவருடைய தொப்பி சேகரிப்பைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். படத்தில்தான் என்றேன். அவர் எழுந்து பின்னால் இருந்த திரையை விலக்கினார்.

திரை மூடியிருந்தால் கடைக்கு வருகிற யாருக்கும் தெரியாத சின்ன அறை. இறால் அங்கே இருந்தது. பழத்தொப்பி, டம்ளரிலிருந்து டம்ளருக்குப் பழுப்புத் துணியில் தேநீர் பாயும் தொப்பி, பச்சை முள்முள்ளாக டுரியான் பழத் தொப்பி, யாரோ வெள்ளைக்காரச் சீமாட்டி குதிரைப் பந்தயத்துக்குப் போட்டது போல இறகு வைத்த ஒன்று, பறவை வெளியே உட்கார்ந்திருக்கும் கூண்டு ஒன்று. இருபது முப்பது இருக்கும். ஒவ்வொன்றையும் பழைய வேட்டித் துணியில் மூடி, மணியத்தின் கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருந்தது: மீசையைத் தொடாதே, தலைகீழாக வைக்காதே, வெயில் படக்கூடாது. கிரேன் தொப்பி மேஜைமேல் தனியாக நின்றது. பணி ஓய்வு பெற்ற நாளில் மகள் செய்து கொடுத்ததாம்.

ஏன் இங்கே இருக்கின்றன என்று கேட்டேன். பதில் எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டேன்.

காதர் பாய் சொன்ன கதை சின்னது. இரண்டு வருஷத்துக்கு முன் சிரம்பானிலிருந்து தர்ஷினிக்கு ஒரு மாப்பிள்ளை அமைந்தது. நிச்சயதார்த்தத்துக்கு மணியம் உற்சாகமாக ஒரு தொப்பி போட்டுக்கொண்டு நின்றார். மாப்பிள்ளையின் பெரியப்பா அதைச் சபையில் வைத்துக் கேலி செய்தார், கோமாளி வீட்டில் சம்பந்தமா என்று கேட்டார். தட்டு மாற்றவில்லை. தர்ஷினி அழவில்லை, அன்றிரவே அடுத்த தொப்பியைத் தைக்க உட்கார்ந்தாள். மணியம்தான் உடைந்து போனார்.

"இப்ப இந்தியாவுலேருந்து மாப்பிள்ளையோட தாய்மாமன் வர்றாருன்னதும் பயந்துட்டான். அவங்கல்லாம் ரொம்பக் கட்டுப்பாடு, இத பாத்தா எந்திரிச்சுப் போயிருவாங்கன்னு சொல்லி, ராவோட ராவா லோரி புடிச்சுக் கொண்டாந்து எறக்கிட்டான். அந்த ஆளு ஊருக்குப் போற வரைக்கும் இங்க இருக்கட்டும் பாய்னான்" என்றார்.

மணியம் ஏன் இதையெல்லாம் போடுகிறார் என்று கேட்டேன். தலை வழுக்கை என்று தன்னிடம் சொன்னதாகவும், சைனஸ் என்று மனைவியிடம் சொன்னதாகவும், வெயில் என்று தெருவில் சொல்வதாகவும் காதர் பாய் சொன்னார். "எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதாண்ணே. சொங்கோ போட்டா போட்டவரு பெரிய மனுசன் ஆயிருவாரு. இத அவன் போட்டா பாக்குறவங்க புள்ளைங்க மாதிரி ஆயிருவாங்க."

தேத்தண்ணி டம்ளரைக் கீழே வைத்தேன். அந்தத் தாய்மாமன் நான்தான் என்றேன். நேற்று சாயங்காலம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்பதையும் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஜீன்ஸில் வந்தவன் அந்தக் கட்டுப்பாடான தாய்மாமனாக இருப்பான் என்று அவர் நினைக்கவேயில்லை போலிருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது. மழைக்கு ஒதுங்கிய இரண்டு பேர் சொங்கோ பார்க்க வந்தார்கள், அவர்களுக்கு அளவெடுத்து அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கிரேன் தொப்பியை எடுத்து என் மடியில் வைத்தார்.

"பையில வச்சா கை ஒடிஞ்சிரும். கையில புடிச்சா ட்ரெய்ன்ல இடிப்பாங்க. தலையிலதான் போகணும்" என்றார்.

நான்காம் நாள் சனிக்கிழமை. இந்த முறை போர்டைப் படித்து, திசையைக் கேட்டு, ஆண்களும் ஏறும் பெட்டியில் ஏறினேன். தொப்பியைக் கையில்தான் வைத்திருந்தேன். கூட்டம் ஏறியதும் கிரேனின் கை ஒரு மலாய்க்காரர் காதில் குத்தியது. மன்னிப்புக் கேட்டேன். அவர் தொப்பியைப் பார்த்தார், என் தலையைப் பார்த்தார், போட்டுக்கொள் என்று கையால் காட்டினார். வேறு வழியில்லாமல் போட்டுக்கொண்டேன்.

வண்டி ஆட ஆட கண்டெய்னர் என் கண்ணுக்கு முன்னால் ஆடியது. பெட்டியில் பாதிப் பேரின் கண்கள் அதோடு சேர்ந்து ஆடின. முதலில் எல்லோரும் பார்க்காதது போலப் பார்த்தார்கள். பிறகு ஒரு சீனப் பாட்டி வாய்விட்டுச் சிரித்தார், சிரித்துவிட்டு எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். அவருக்கு என்னைவிடப் பத்து வயதாவது அதிகம் இருக்கும். இளம் பெண் ஒருத்தி படம் எடுத்துக்கொள்ளலாமா என்றாள். மலாய்க்காரர் கண்டெய்னரை விரலால் தட்டி, கிள்ளான் துறைமுகத்துக்கா என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆமாம் என்றேன். முப்பத்தோரு வருஷம் நான் நுழைந்ததும் பெட்டியில் பேச்சு நின்றுவிடும். எல்லோரும் பையைத் துழாவுவார்கள், ஜன்னல் பக்கம் திரும்புவார்கள். அன்றைக்கு நான் இருந்த பெட்டியில் முன்பின் தெரியாதவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டு வந்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. கிள்ளான் கொஞ்சம் தள்ளி இருந்திருக்கலாம் என்றுகூட நினைத்தேன்.

ஸ்டேஷனிலிருந்து வாடகைக் காரில் போனேன். குனிந்தபடியே உட்கார வேண்டியிருந்தது. கதவைத் திறந்தவர் மணியம். அரைக்கால் சட்டையும் பனியனுமாக இருந்தார், தலை வெறுமையாகவே இருந்தது. என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் தொப்பியைத்தான் பார்த்தார். கை தானாக நீண்டு கண்டெய்னரின் ஆட்டத்தை நிறுத்தியது.

"நூல் முறுக்கிக்கிச்சு" என்றார்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். நான் அக்காவிடம் சொன்னது, அக்கா சொன்னது, காதர் பாய் சொன்னது. தவறு என்னுடையது என்றும் சொன்னேன். லெட்சுமி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். தர்ஷினி கதவருகே நின்றாள். மணியம் தொப்பியைத் தன் மடியில் வைத்து நூலின் முறுக்கைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவரிடம் நேராகவே கேட்டேன், ஏன் போடுகிறீர்கள் என்று.

"கிரேன் கேபின் ரொம்ப ஒசரம்ணே" என்றார். அதுவரை சார் என்றுதான் கூப்பிட்டிருந்தார். "காலைல ஏறுனா சாயங்காலம் எறங்கறது. கீழ அத்தன பேரு வேல செய்வாங்க. எல்லாரும் பொட்டியப் பாப்பாங்க, கொக்கியப் பாப்பாங்க. மேல யாரு இருக்கான்னு ஒருத்தரும் பாக்கமாட்டாங்க. முப்பது வருசம். இப்ப பாசாருக்குக் காய் வாங்கப் போனா பாக்குறாங்க. பாத்துட்டு சிரிக்கிறாங்க, வந்து பேசுறாங்க. அவ்ளோதான். பெரிய காரணமெல்லாம் ஒண்ணும் இல்ல."

அக்காவை வீடியோவில் கூப்பிட்டேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மணியம் தொப்பியை என் தலையில் திரும்ப வைத்திருந்ததை நான் மறந்துவிட்டேன். அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். உனக்கு என்னடா ஆச்சு என்றாள். சொன்னேன். நான் பார்த்தது சரி, புரிந்துகொண்டது தப்பு என்றேன். சிரம்பான் கதையைச் சொன்னேன், தர்ஷினி தைத்ததைச் சொன்னேன், கேபினைப் பற்றிச் சொன்னேன். அக்கா வெண்டைக்காய்த் தட்டைத் தள்ளி வைத்தாள். எல்லாம் முடிந்ததும், அவர்ட்ட குடு என்றாள்.

மணியம் பனியனோடு இருப்பதற்காக லெட்சுமி ஒரு துண்டை எடுத்து அவர் தோளில் போட்டார். அவர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் தொப்பியைக் கழற்றி அவர் தலையில் வைத்தேன். வேண்டாம் என்று தலையசைத்தார். கண்டெய்னர் ஆடியது.

"சம்பந்திமா" என்றார். பிறகு அந்த வார்த்தைக்கு உரிமை இருக்கிறதா என்று யோசித்தது போல நிறுத்தி, "தங்கச்சி" என்றார். "மறைச்சது தப்புதான். எனக்கு இது வேணும்னு ஒண்ணும் பிடிவாதம் இல்ல. கல்யாணத்துல தார வாக்குற நேரத்துக்கு மட்டும் வெறுந்தலையா வர்றேன். புள்ள கையப் புடிச்சுக் குடுத்துட்டு பின்னால போய் நின்னுக்கிறேன். உங்க சனம் யாரு கண்ணுலயும் படமாட்டேன். இந்தப் புள்ளைக்கு நல்லபடியா நடந்தா போதும்."

"அப்பா" என்றாள் தர்ஷினி. ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை. மேலே சொல்ல வாயெடுத்தாள். போனில் அக்கா பேசத் தொடங்கியதால் நிறுத்திக்கொண்டாள்.

"பின்னால நிக்காதீங்கண்ணே" என்றாள் அக்கா.

மணியம் போனை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனார்.

"பின்னால நிக்கறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சவங்க யாரும் இன்னொருத்தர நிக்கச் சொல்லமாட்டாங்க. இதையே போட்டுக்கிட்டு முன்னால நில்லுங்க. உங்க பக்கத்துல நானும் வந்து நிக்கறேன்."

அத்தான் போனதிலிருந்து எங்கள் குடும்பத்தில் ஏழெட்டுக் கல்யாணம் நடந்திருக்கிறது. எல்லாவற்றிலும் அக்கா மண்டபத்தில் ஏதாவது ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுதான் பார்த்தாள். என் மகள் கல்யாணத்திலும் அப்படித்தான் நின்றாள். முன்னால் வா என்று நான் கூப்பிடவில்லை.